வெயில் காலத்தில் சிட்ரஸ் கொலோன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வெயில் ஏற ஆரம்பித்ததும் தெரிந்தவர்கள் சென்ட் பற்றி என்னிடம் கேட்க ஆரம்பித்துவிடுவார்கள். எலுமிச்சை, ஆரஞ்சு வாசனையில் லேசான கொலோன் ஒன்றைச் சொன்னால், வாங்கிப் போய் ஒரு வாரத்தில் திரும்பி வந்து சொல்வது ஒன்றுதான்: “நல்லாத்தான் இருக்கு, ஆனா நிக்கவே மாட்டேங்குது.” அந்தப் புகாருக்கும் அதைச் சுற்றி வரும் மற்ற கேள்விகளுக்கும் இங்கே பதில் எழுதியிருக்கிறேன். பல வருடங்களாக வெயில் மாதங்களில் நான் வேறு எதையும் தொடுவதில்லை. அதனால் கொஞ்சம் பாசத்தோடுதான் எழுதுவேன்.

முதலில், கொலோன் என்றால் என்ன? ஆண்கள் போடும் சென்ட்டா?

அமெரிக்காவில் பேச்சு வழக்கில் ஆண்களுக்கான எல்லா சென்ட்டையும் கொலோன் என்று சொல்லிவிடுவார்கள். குழப்பம் அங்கிருந்து வந்தது. சென்ட் செய்கிறவர்கள் அந்தச் சொல்லை வேறு இரண்டு அர்த்தங்களில் பயன்படுத்துகிறார்கள்.

ஒன்று, அடர்த்தி. ஆல்கஹாலில் எவ்வளவு வாசனை எண்ணெய் கலந்திருக்கிறது என்ற கணக்கு அது. ஓ டி கொலோனில் சுமார் 2 முதல் 5 சதவீதம் இருக்கும். ஓ டி டாய்லெட்டில் 5 முதல் 15 வரை, ஓ டி பெர்ஃப்யூமில் 15 முதல் 20 வரை. இவை பொதுவான வரம்புகள்தான், ஒவ்வொரு கம்பெனியும் தன் இஷ்டத்துக்குக் கொஞ்சம் முன்னே பின்னே வைத்துக்கொள்ளும்.

இன்னொன்று, வாசனையின் அமைப்பு. பெர்கமாட் என்ற சிட்ரஸ் பழம், எலுமிச்சை, ஆரஞ்சு ஆகியவற்றின் தோல் எண்ணெய்கள் மேலே இருக்கும், அதாவது அடித்ததும் முதலில் தெரியும். கசப்பு ஆரஞ்சுப் பூவிலிருந்து வடிக்கும் நெரோலி நடுவில் வரும். அதே மரத்தின் இலையிலும் குச்சியிலும் வடிக்கும் பெட்டிகிரெய்ன் எண்ணெய், கொஞ்சம் ரோஸ்மேரி, கொஞ்சம் லாவெண்டர் கூடச் சேரும். இந்தக் கூட்டணிக்கு 300 வருடத்துக்கு மேல் வயதாகிறது. ஜெர்மனியின் கொலோன் நகரத்தில் குடியேறிய இத்தாலியர் ஜொவான்னி மரியா ஃபரினா செய்த வாசனை நீர்தான் இதற்கு மூலம். 1708இல் தன் சகோதரனுக்கு எழுதிய கடிதத்தில், இத்தாலியின் வசந்தகாலக் காலையையும் மழைக்குப் பிந்திய ஆரஞ்சுப் பூவையும் நினைவூட்டும் வாசனை ஒன்றைக் கண்டுபிடித்திருப்பதாகச் சொல்கிறார். குடியேறிய ஊரின் பெயரையே அதற்கு வைத்தார். 1709இல் தொடங்கிய அந்தக் குடும்பத்தின் கம்பெனி இன்றும் நடக்கிறது.

இந்தப் பக்கத்தில் கொலோன் என்று நான் சொல்வது இந்த இரண்டாவது அர்த்தத்தில்.

வெயிலுக்கு ஏன் இதைச் சொல்கிறீர்கள்? நான் வழக்கமாகப் போடும் சென்ட்டையே போட்டால் என்ன?

போடலாம். ஆனால் குளிரில் பழகிய சென்ட் சூட்டில் வேறு ஆளாக மாறிவிடும். வாசனை நம் மூக்குக்கு வருவதே அது ஆவியாகிக் காற்றில் கலப்பதால்தான். தோல் சூடானால் ஆவியாகும் வேகம் கூடும். வனிலா, ஆம்பர், ஊத் (அகில்) மாதிரி கனமான வாசனைகள் குளிரில் உடம்போடு ஒட்டி மெல்ல மெல்ல வரும். 38 டிகிரி வெயிலில் அதே இரண்டு ஸ்ப்ரே அறையையே அடைத்துக்கொள்ளும். வியர்வையின் ஈரமும் சேர்ந்தால் அந்த இனிப்பு திகட்டிவிடும். புழுக்கத்தில் மூச்சு முட்டுகிற மாதிரி இருக்கும்.

சிட்ரஸ் எண்ணெயும் சூட்டில் வேகமாகத்தான் கிளம்பும். ஆனால் கிளம்பியதும் போய்விடும், தேங்கி நிற்காது. அந்த ஒரு குணத்துக்காகவே வெயிலில் அதை எனக்குப் பிடிக்கும். அப்புறம் இன்னொன்று, கொலோனில் பெரும்பகுதி ஆல்கஹால். அது தோலிலிருந்து ஆவியாகும்போது சூட்டை எடுத்துக்கொண்டு போகும். பிடரியில் அடித்தவுடன் வரும் அந்தச் சில்லிப்பு நிஜமானது, சில நொடிகள்தான் என்றாலும்.

சரி, ஏன் நிற்பதே இல்லை? போலி பாட்டிலா?

பெரும்பாலும் இல்லை. ஓர் ஆரஞ்சை எடுத்து அதன் தோலில் ஒரு துண்டைக் கிள்ளி, வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து மடித்துப் பாருங்கள். தோலிலுள்ள சின்னச் சின்னப் பைகள் வெடித்து மெல்லிய சாரல் ஒன்று பறக்கும். வாசனை குபீரென்று வரும். விரலில் எண்ணெய்ப் பிசுபிசுப்பு கொஞ்சம் ஒட்டும். பத்து நிமிடம் கழித்து அதே விரலை முகர்ந்தால் பாதி போயிருக்கும். ஒரு மணி நேரத்தில் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். பழம் போலி இல்லையே!

காரணம் அந்த எண்ணெயின் இயல்பு. ஆரஞ்சுத் தோல் எண்ணெயில் 90 சதவீதத்துக்கு மேல் லிமோனீன் என்ற ஒரே பொருள்தான். எலுமிச்சையில் அது ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு. லிமோனீன் மிக லேசான மூலக்கூறு, அதன் மூலக்கூறு எடை 136. சென்ட்டுகளின் அடியில் நாள் முழுக்க நிற்கும் கஸ்தூரி வகைப் பொருள்களின் எடை பெரும்பாலும் 230இலிருந்து 270 வரை. லேசானது முதலில் பறந்துவிடும், கனமானது பின்தங்கும். எந்தக் கம்பெனியாலும் இதை மாற்ற முடியாது.

பழைய முறையில் செய்த கொலோன் என்றால் தோலில் அரை மணியிலிருந்து இரண்டு மணி நேரம் வரை எதிர்பார்க்கலாம். வெயிலில் அதிலும் குறையும். இதை நான் குறையாகவே நினைப்பதில்லை. முகம் கழுவினால் இதமாக இருக்கிறது, சாயங்காலம் வரை அந்த ஈரம் நிற்கவில்லையே என்று யாரும் வருத்தப்படுவதில்லை. திரும்பப் போய்க் கழுவிக்கொள்கிறோம். கொலோனும் அந்த மாதிரி திரும்பத் திரும்பப் போட்டுக்கொள்ளும் பொருள்தான். அந்தக் காலத்தில் அப்படித்தான் போட்டார்கள். நெப்போலியன் பாட்டில் பாட்டிலாகத் தீர்த்தார் என்பது பிரபலம்.

இன்னொரு சங்கதி: சில சமயம் வாசனை போயிருக்காது, உங்கள் மூக்கு பழகியிருக்கும். ஒரே வாசனையைத் தொடர்ந்து முகர்ந்துகொண்டிருந்தால் மூளை அதைக் கணக்கிலிருந்து எடுத்துவிடும். ஐந்து நிமிடம் வெளியே நடந்துவிட்டு வந்து மணிக்கட்டை முகர்ந்து பாருங்கள், இல்லையென்றால் பக்கத்தில் இருப்பவரைக் கேளுங்கள்.

இருந்தாலும் கொஞ்சம் கூடுதல் நேரம் நிற்க ஏதாவது வழி?

இருக்கிறது. அதற்காக ஐந்து மணி நேரம் கிடைக்கும் என்று நினைக்காதீர்கள்.

குளித்துத் துவட்டியதும் வாசனை இல்லாத மாய்ஸ்சரைசரை லேசாகத் தடவி, அது உள்ளே இறங்கிய பிறகு அடியுங்கள். வறண்ட தோலைவிட எண்ணெய்ப் பசையுள்ள தோலில் வாசனை கொஞ்சம் தங்கும். துணியில் இன்னும் அதிகமாகத் தங்கும். பருத்திச் சட்டையின் உள்பக்கம், காலருக்குக் கீழே ஒரு ஸ்ப்ரே அடித்தால் மதியம் வரை கூட மெல்லியதாக வரும். பட்டிலும் வெள்ளைத் துணியிலும் மட்டும் முதலில் தையல் ஓரத்தில் அடித்துச் சோதியுங்கள். சிட்ரஸ் எண்ணெய்களுக்கு இயல்பிலேயே மஞ்சள், பச்சை நிறம் உண்டு, கறை விழலாம்.

வாங்கும்போதே அடியில் என்ன இருக்கிறது என்று பார்ப்பதும் உதவும். வெட்டிவேர், சிடார், பாசி, வெண்கஸ்தூரி ஆகியவற்றில் ஏதாவது இருந்தால், எலுமிச்சை போன பிறகும் சுத்தமான ஒரு மிச்சம் தோலில் இருக்கும். ஆனால் அந்த மிச்சம் எலுமிச்சையாக இருக்காது. “12 மணி நேரம் புதுசு மாறாத எலுமிச்சை” என்று ஒரு பாட்டில் சொன்னால், உள்ளே இருப்பது பெரும்பாலும் நீண்ட நேரம் நிற்கும் செயற்கைப் பொருள்கள். அது தப்பில்லை. இருந்தாலும் பழத்தோலின் அந்த உயிர் அதில் எனக்குக் கிடைத்ததில்லை.

எல்லாவற்றையும்விட எளிய வழி, 5 அல்லது 10 மில்லி பிடிக்கும் சின்ன ஸ்ப்ரே பாட்டிலில் ஊற்றிப் பையில் வைத்துக்கொள்வதுதான். காலையில் ஒருமுறை, மதியம் ஒருமுறை, மாலையில் கிளம்பும் முன் ஒருமுறை. நான் இதைத்தான் செய்கிறேன்.

எங்கே அடிப்பது, எத்தனை ஸ்ப்ரே?

லேசான கொலோன் என்றால் மூன்று நான்கு ஸ்ப்ரே தாராளமாகத் தாங்கும். பிடரி, மார்பு, முழங்கையின் உள்மடிப்பு. ஒரு சாண் தள்ளிப் பிடித்து அடியுங்கள், ஒரே இடத்தில் ஈரம் ஒழுகக் கூடாது. சட்டைக்கு உள்ளே மார்பில் அடிப்பது எனக்கு மிகவும் பிடித்தது. உடம்புச் சூட்டில் கிளம்பும் வாசனை காலர் வழியாக விட்டு விட்டு மேலே வரும்.

அதே சிட்ரஸ் வாசனை ஓ டி பெர்ஃப்யூம் அடர்த்தியில் இருந்தால் இரண்டோடு நிறுத்துங்கள்.

மணிக்கட்டுகளை ஒன்றோடொன்று தேய்க்கலாமா?

தேய்த்தால் மூலக்கூறுகள் நசுங்கிவிடும் என்று சொல்வார்கள். அப்படி எதுவும் நசுங்காது. ஆனால் தேய்க்கும் சூட்டில் மேல்வாசனை சீக்கிரம் கிளம்பிப் போகும், சிட்ரஸ் கொலோனில் இருப்பதே அந்த மேல்வாசனைதான். அடித்துவிட்டு அப்படியே உலர விடுங்கள்.

வியர்வை நாற்றத்தை இது மறைக்குமா?

மறைக்காது. தயவுசெய்து அந்த வேலைக்கு இதை வைத்துக்கொள்ளாதீர்கள். புதிதாக வரும் வியர்வைக்கு ஏறக்குறைய வாசனையே இல்லை. அக்குளில் சுரக்கும் கெட்டியான வியர்வையை அங்கே வாழும் பாக்டீரியா சிதைக்கும்போதுதான் நாற்றம் பிறக்கிறது. அதன் மேல் எலுமிச்சை வாசனையைக் கொட்டினால் இரண்டும் தனித்தனியாகத் தெரியும், சேர்ந்து இன்னும் மோசமாகவும் தெரியும். முதலில் குளியல், அப்புறம் வாசனை இல்லாத டியோடரன்ட், துவைத்த துணி, கடைசியில்தான் கொலோன். டியோடரன்ட்டுக்கே பலமான வாசனை இருந்தால் லேசான கொலோன் அதனோடு போட்டி போட்டுத் தோற்றுவிடும்.

மதியம் மறுபடி அடிக்கும்போதும் அப்படியே. ஈரத் துணியாலோ டிஷ்யூவாலோ கழுத்தைத் துடைத்துவிட்டு அடியுங்கள். வியர்வை மேலேயே அடிப்பது வீண்.

சிட்ரஸ் போட்டுக்கொண்டு வெயிலில் போனால் தோல் கறுக்கும் என்கிறார்களே, உண்மையா?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு கேள்வியைத்தான் படிக்க நேரமிருக்கிறது என்றால் இதைப் படியுங்கள். உண்மைதான், ஆனால் எல்லா சிட்ரஸுக்கும் இது பொருந்தாது.

பெர்கமாட் தோலைப் பிழிந்து எடுக்கும் எண்ணெயில் பெர்காப்டென் என்ற பொருள் இருக்கிறது. அது தோலில் இருக்கும்போது சூரிய ஒளியின் யுவிஏ கதிர் பட்டால் தோல் செல்கள் பாதிக்கப்படும். சில சமயம் சிவந்து எரியும், சில சமயம் எதுவும் தெரியாமலே சில நாளில் பழுப்புக் கறை மட்டும் விழும், மறைய மாதக்கணக்கில் ஆகலாம். கொலோன் வழிந்த தடம் எப்படியோ அப்படியே, சொட்டு வடிவில் கழுத்தில் கறை விழுவதால், சங்கிலியில் தொங்கும் பதக்கத்தைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து இதற்கு பெர்லாக் டெர்மடைட்டிஸ் என்று பெயர் வந்தது. கொலோன் நீரால் இது வருவதை மருத்துவர்கள் 1916லேயே பதிவு செய்திருக்கிறார்கள்.

பிழிந்து எடுத்த லைம் (நம் ஊர்ச் சின்ன எலுமிச்சை வகை) எண்ணெய், லெமன் என்கிற பெரிய எலுமிச்சையின் எண்ணெய், கசப்பு ஆரஞ்சுத் தோல் எண்ணெய், கிரேப்ஃப்ரூட் எண்ணெய் ஆகியவற்றுக்கும் இந்தக் குணம் கூடக்குறைய உண்டு. இனிப்பு ஆரஞ்சுக்கு அந்தக் கவலை இல்லை. லைம் எண்ணெயைப் பிழியாமல் ஆவியில் வடித்தாலும் பிரச்சினை பெரும்பாலும் போய்விடும், ஏனென்றால் இந்தப் பொருள்கள் ஆவியோடு மேலே வருவதில்லை.

இன்றைக்கு நல்ல கம்பெனிகள் பெர்காப்டென் நீக்கிய பெர்கமாட் எண்ணெயைப் பயன்படுத்துகின்றன. தோலில் தங்கும் பொருள்களில் சாதாரண பெர்கமாட் எண்ணெய் 0.4 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று வாசனைத் தொழிலின் சர்வதேச அமைப்பான இஃப்ரா வரம்பு வைத்திருக்கிறது. அதனால் முறையாகத் தயாரித்த இன்றைய கொலோனில் ஆபத்து குறைவு. பரணில் கிடந்த பழைய பாட்டில், யாரோ வீட்டில் கலந்து கொடுத்தது, பெயர் ஊர் தெரியாத எண்ணெய்க் கலவை, இவற்றில்தான் கவனம் வேண்டும்.

நான் கடைப்பிடிக்கும் வழக்கம்: நேர் வெயிலில் ஒரு மணி நேரத்துக்கு மேல் இருக்கப் போகிறேன் என்றால் கழுத்திலும் கையிலும் அடிக்க மாட்டேன். சட்டைக்குள் மார்பிலும் துணியிலும் மட்டும்தான். வெயில் படும் தோலுக்கு சன்ஸ்கிரீன் போதும்.

எலுமிச்சைத் தோலை ஊறவைத்து வீட்டிலேயே செய்துகொள்ளலாமா?

வேண்டாம். மேலே சொன்ன ஆபத்துதான் காரணம். வெயிலில் எலுமிச்சை பிழிந்துவிட்டுக் கையில் கொப்புளம் வாங்கியவர்கள் நிறையப் பேர். தோல் எண்ணெயை நேராகத் தோலில் பூசுவது அதைவிட மோசம். தண்ணீரில் கலந்தால் எண்ணெய் மேலே மிதக்கும், ஒரு ஸ்ப்ரேயில் ஒன்றுமே வராது, அடுத்ததில் வெறும் எண்ணெயாக வரும்.

எனக்குத் தரை துடைக்கிற திரவத்தின் ஞாபகம் வருகிறதே?

வரும். உங்கள் மூக்கின் மேல் தப்பில்லை. சோப்பு, பாத்திரம் கழுவும் திரவம், தரை கிளீனர் எல்லாம் பல வருடங்களாக எலுமிச்சை வாசனையோடுதான் வருகின்றன. நம் மூளை எலுமிச்சை என்றதும் ‘கழுவுவது’ என்று எழுதி வைத்திருக்கிறது. குறிப்பாக எலுமிச்சை மணத்தைத் தரும் சிட்ரால் என்ற பொருள் தூக்கலாக இருக்கும் கூர்மையான எலுமிச்சை வாசனை அந்த ஞாபகத்தை நேராகப் போய்த் தட்டும்.

அதனால் எலுமிச்சையை விட்டுக் கொஞ்சம் தள்ளிப் போய்ப் பாருங்கள். சிட்ரஸ் என்பது ஒரே வாசனை இல்லை, பெரிய குடும்பம். பெர்கமாட்டில் லிமோனீன் குறைவு, அதற்கு ஈடாக லினலைல் அசிடேட் நிறைய இருக்கிறது. லாவெண்டரிலும் இதே பொருள்தான் முக்கியம். பெர்கமாட்டில் புளிப்போடு ஒரு பூவின் மென்மை வருவதும், பழைய கொலோன்களில் லாவெண்டர் அதனோடு இவ்வளவு இயல்பாக ஒட்டிக்கொள்வதும் இதனால்தான். உலகத்துக்கு வேண்டிய பெர்கமாட்டில் மிகப் பெரும்பகுதி இத்தாலியின் தென்கோடியிலிருக்கும் கலப்ரியாவின் கடலோரத்தில் விளைகிறது. மாண்டரின் வட்டமாக, இனிப்பாக இருக்கும், குழந்தைத்தனம் கொஞ்சம் உண்டு. கிரேப்ஃப்ரூட்டில் கசப்பும், அதன் அடியில் கந்தகத்தின் ஒரு சாயலும் இருக்கும். அந்தக் கந்தகச் சேர்மம் மிக மிகச் சிறிய அளவிலேயே மூக்குக்குத் தெரிந்துவிடும், சிலருக்கு அது வியர்வையையே நினைவூட்டும். யூசு என்ற ஜப்பானிய சிட்ரஸ் இன்னும் பச்சையாக, கூர்மையாக இருக்கும்.

நெரோலி தூக்கலாக இருக்கும் கொலோனையும் முகர்ந்து பாருங்கள். அது பழம் இல்லை, பூ. வெயில் ஏறாத காலையில் துவைத்துக் காயப்போட்ட துணிக்கு ஒரு வாசனை உண்டே, அதற்கு மிக அருகில் வருவது நெரோலிதான் என்பது என் அனுபவம்.

எதிலிருந்து தொடங்கலாம்?

பழைய பாணி எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ள 4711 நல்ல தொடக்கம். கொலோன் நகரத்து வீட்டு எண் ஒன்றே பெயராகிவிட்ட பாட்டில் அது. எளிமையானது, சீக்கிரம் போய்விடும், மனம் கலங்காமல் தாராளமாக அடித்துக்கொள்ளலாம். ரோஜே எ கலே கம்பெனியின் ஜான் மரீ ஃபரினா என்ற கொலோன், 1806இல் பாரிஸில் உருவான கலவையின் தொடர்ச்சி. அதில் மூலிகைப் பக்கம் கொஞ்சம் கூடுதல். அக்வா டி பார்மாவின் கொலோனியா 1916இல் வந்தது, சவரம் செய்த கன்னத்தின் சுத்தம் அதில் இருக்கிறது.

இந்த வகையின் போக்கையே மாற்றியது 1966இல் வந்த டியோரின் ஓ சவாஜ். எட்மண்ட் ருட்னிட்ஸ்கா என்பவர் செய்தது. மல்லிகையை நினைவூட்டும் ஹெடியோன் என்ற பொருளை எலுமிச்சைக்குக் கீழே வைத்தார். அதனால் சிட்ரஸுக்கு நடுவில் காற்றோட்டம் வந்தது, பூவும் வந்தது, நேரமும் கூடியது. பழைய கொலோன் பிடிக்கிறது, ஆனால் அரை மணி போதவில்லை என்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதுதான். 1994இல் வந்த கால்வின் க்ளைனின் சிகே ஒன் அதே எண்ணத்தை வெண்கஸ்தூரியோடு எளிமையாக்கிய வடிவம்.

பெயரைவிட உங்கள் தோல் முக்கியம். மேலே சொன்னதில் ஒன்றுகூட உங்களுக்குப் பிடிக்காமல் போகலாம்.

வாங்கும் முன் எப்படிச் சோதிப்பது?

காகித அட்டையில் முகர்ந்துவிட்டு வாங்காதீர்கள். முதல் பத்து நொடியில் எல்லா சிட்ரஸும் அழகுதான், விற்பனை நடப்பதும் அந்தப் பத்து நொடியில்தான். முன்கையில் ஒரு ஸ்ப்ரே அடித்துக்கொண்டு கடையை விட்டு வெளியே வாருங்கள். அடித்தவுடன் வருவது பாதி ஆல்கஹால் நெடி, அதை விட்டுவிடுங்கள். பத்து நிமிடத்தில் முகர்ந்தால் பழம் தெளிவாக இருக்கும். நாற்பது நிமிடத்தில் பழம் ஒதுங்கி நெரோலியோ மூலிகையோ முன்னால் வந்திருக்கும். இரண்டு மணி நேரம் கழித்து முகர்வதுதான் தீர்ப்பு, ஏனென்றால் பழம் போன பிறகு உங்களோடு இருக்கப்போவது அந்த மிச்சம். அது புளித்த மாதிரியோ பிளாஸ்டிக் மாதிரியோ இருந்தால் ஆரம்பம் எவ்வளவு அழகாக இருந்தாலும் வாங்க வேண்டாம்.

சோதனையை வெயிலில் நடக்கும்போது செய்யுங்கள். ஏசி அறையில் நன்றாக இருந்தது வெளியே வேறு மாதிரி வரும். ஈரப்பதம் உள்ள காற்றில் வாசனை கொஞ்சம் தூக்கலாகத் தெரியும், வறண்ட சூட்டில் வந்ததே தெரியாமல் போய்விடும்.

ஆணுக்கா, பெண்ணுக்கா?

யாருக்கும். பாட்டிலின் நிறம்தான் பிரிக்கிறது, உள்ளே இருக்கும் பழத்துக்கு அது தெரியாது.

ஆபீசிலும் பஸ்ஸிலும் மற்றவர்களுக்குத் தொந்தரவாக இருக்காதா?

கனமான சென்ட்டைவிடக் குறைவு, ஆனால் இல்லவே இல்லை என்று சொல்ல முடியாது. ஆஸ்துமா, ஒற்றைத் தலைவலி உள்ளவர்களுக்கு எந்த வாசனையும் தூண்டுதலாகலாம். கிளம்புவதற்குக் கால் மணி நேரம் முன்பே அடித்துவிட்டால் அந்த முதல் வேகம் வீட்டிலேயே தீர்ந்துவிடும். மதியம் மறுபடி அடிக்க வேண்டுமானால் எழுந்து வெளியே போய் அடியுங்கள், இருக்கையில் உட்கார்ந்துகொண்டு வேண்டாம். பக்கத்தில் உட்காருபவர் ஒருவர் தலைவலி என்று சொன்னால் அன்றைக்கு அதோடு விட்டுவிடுவதுதான் மரியாதை.

அட்டையில் லிமோனீன், லினலூல், சிட்ரால் என்று எழுதியிருக்கிறதே, கெமிக்கலா?

இவை பழத்தோலிலும் பூவிலும் இயல்பாக இருப்பவைதான். சிலருக்குத் தோல் ஒவ்வாமை தரும் என்பதால் ஐரோப்பிய விதிகள் பெயரைத் தனியாக எழுதச் சொல்கின்றன. கவனிக்க வேண்டியது என்னவென்றால், லிமோனீனும் லினலூலும் புதிதாக இருக்கும்போது பெரிதாகத் தொந்தரவு செய்வதில்லை. காற்றுப் பட்டு ஆக்சிஜனோடு சேர்ந்து மாறிய பிறகுதான் ஒவ்வாமையைத் தூண்டும் பொருளாகின்றன. ‘இயற்கை’ என்று எழுதியிருப்பதால் தோலுக்கு ஒன்றும் செய்யாது என்று நம்ப வேண்டாம். அரிப்போ தடிப்போ வந்தால் நிறுத்திவிட்டுத் தோல் மருத்துவரைப் பாருங்கள்.

சவரம் செய்த உடனே கன்னத்தில் போடலாமா?

எரியும். ஆல்கஹால் வெட்டுக் காயத்தில் பட்டால் எரியத்தான் செய்யும், ஒவ்வாமைக்கும் அது வழி திறந்துவிடும். அரை மணி பொறுங்கள், இல்லையென்றால் துணியில் அடியுங்கள்.

பாட்டிலை எங்கே வைப்பது? கெட்டுப்போனது எப்படித் தெரியும்?

சிட்ரஸ்தான் சென்ட்டுகளில் முதலில் கெடும் வகை. சூடு, வெளிச்சம், காற்று மூன்றும் எதிரி. குளியலறை அலமாரி, ஜன்னல் திண்ணை, கார் இந்த மூன்று இடங்களையும் தவிருங்கள். இருட்டான அலமாரியின் அடித்தட்டில், பெட்டியோடு வைத்தாலே போதும். ஃப்ரிட்ஜில் வைத்தாலும் கெடுதல் இல்லை, வெயில் காலத்தில் அந்தக் குளிர்ச்சிக்காகவே வைக்கலாம்.

ஒருமுறை எனக்கு மிகவும் பிடித்த ஒன்றைச் சிக்கனமாகப் பயன்படுத்தலாம் என்று கால் பாட்டில் மிச்சம் வைத்திருந்தேன், மேஜை மேல், ஜன்னலுக்குப் பக்கத்தில். இரண்டு வெயில் காலம் கழித்துத் திறந்தால் மேலே இருந்த ஆரஞ்சு போய் வார்னிஷ் நெடி. நிறமும் ஒரு படி கருத்திருந்தது. பாட்டிலில் காலி இடம் கூடக் கூட உள்ளே காற்றும் கூடும், அதனால் கடைசிக் கால் பங்குதான் வேகமாகக் கெடும். அன்றிலிருந்து நான் சிட்ரஸைச் சேர்த்து வைப்பதில்லை. சின்ன பாட்டில் வாங்குகிறேன், ஒரு வருடத்துக்குள் தீர்த்துவிடுகிறேன்.

ஆரம்பத்தில் வார்னிஷ் நெடி வந்தாலும் பத்து நிமிடத்தில் அது போய், அடியில் இருப்பது நன்றாகவே இருக்கலாம். ஆனால் மாறிய லிமோனீன் தோலுக்கு ஆகாது என்று மேலே சொன்னேன், அதனால் அதை நான் தோலில் போட மாட்டேன்.

காரில் வைக்கக் கூடாது என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. உள்ளே இருப்பது எளிதில் தீப்பற்றும் ஆல்கஹால். அடித்த உடனே அடுப்பருகே போவதும் சிகரெட் பற்ற வைப்பதும் வேண்டாம்.

விமானத்தில் எடுத்துப் போகலாமா?

கைப்பையில் என்றால் பெரும்பாலான விமான நிலையங்களில் பாட்டிலின் கொள்ளளவு 100 மில்லிக்குள் இருக்க வேண்டும். 200 மில்லி பாட்டிலில் பாதிதான் இருக்கிறது என்று சொன்னாலும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

கொசு வராதாமே?

அந்த நம்பிக்கை சிட்ரோனெல்லா என்ற பெயரால் வந்த குழப்பம். சிட்ரோனெல்லா எண்ணெய் ஒரு வகைப் புல்லிலிருந்து வருவது, பழத்திலிருந்து இல்லை. கொலோனைக் கொசு விரட்டியாக நம்ப வேண்டாம்.

வீட்டில் பூனை இருக்கிறது.

அப்படியானால் கவனம். லிமோனீனும் லினலூலும் பூனைக்கு நச்சு. மனிதர்களைப் போல அதன் கல்லீரலால் இவற்றை உடைத்து வெளியேற்ற முடியாது. கதவைச் சாத்திவிட்டு அடியுங்கள், உலரும் வரை மடியில் ஏற்றாதீர்கள். அதன் மேலோ படுக்கையிலோ ஒரு போதும் அடிக்க வேண்டாம். கைக்குழந்தையைத் தூக்கப் போகிறீர்கள் என்றாலும் கழுத்தில் வேண்டாம், குழந்தையின் முகம் வந்து பதியும் இடம் அதுதான்.

மாலையில் ஒரு விசேஷம், காலையில் கொலோன் போட்டிருக்கிறேன். மேலேயே வேறு சென்ட் அடிக்கலாமா?

அடிக்கலாம். சீக்கிரம் போய்விடுகிறது என்று புகார் சொன்னோமே, அது கை கொடுக்கும் இடம் இது. காலையில் கனமான ஊத் போட்டிருந்தால் குளித்தாலொழிய வேறு எதுவும் மேலே ஏறாது. கொலோன் போட்ட தோல் நாலு மணிக்கெல்லாம் கிட்டத்தட்ட வெறுமையாக இருக்கும். கழுத்தைத் துடைத்துவிட்டு, வெயில் தாழ்ந்ததும் உங்களுக்குப் பிடித்த கனமானதை ஒரே ஒரு ஸ்ப்ரே அடியுங்கள். காலைச் சட்டையை மட்டும் மாற்றிவிடுங்கள், அதன் காலரில் ஆரஞ்சு இன்னும் இருக்கும்.